நம்ம ஆளுக்கு ஒரு விலை

தம்பி,

நீ சென்னைக்கு ரயிலேறிய பிறகு நான் வீட்டில் சரியாகப் பேசுவதில்லை என்று உன் அம்மா போனில் சொல்லியிருக்கிறாள். நீயும் பதறிப்போய் காய்ச்சலா, பிரஷரா, டாக்டரிடம் போனீர்களா என்று கேட்டாய். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். அதற்கு மருந்துக் கடையில் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன். நேரில் பேசினால் எனக்குக் குரல் முதலில் ஏறிவிடும், விஷயம் பிறகுதான் வரும் என்பது உனக்கே தெரியும். அரசு அலுவலகத்தில் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதியே தலை நரைத்தவன் நான். சொந்த மகனுக்கு ஒன்று எழுத முடியாதா என்ன. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாம் திருச்சிக்குப் போய் உன் கல்யாணத்தைப் பேசி முடிக்க வேண்டும். அதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

திருச்சிப் பயணத்துக்காகத்தான் நாம் டயர் வாங்கப் போனோம். நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் வாங்கிய பழைய கார் அது. வாங்கிய பிறகுதான் ஓட்டவே கற்றுக்கொண்டேன். மதுரையில் நம் கோச்சடைத் தெருக்களில் நான் வண்டியை எடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை உள்ளே தள்ளிவைத்த காலம் ஒன்று உண்டு. இப்போது நாற்கரச் சாலையில் நான்தான் ஓட்டுகிறேன்; லாரி பக்கத்தில் வந்தால் உனக்குக் கை நடுங்குகிறது. அந்த நாலு டயரும் பட்டன் தேய்ந்து மொட்டையாகி வெகுநாள் ஆயிற்று. மழைக்கு முன் மாற்றிக்கொள்ளலாம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். "சம்பந்தம் பேசப் போற வண்டி நடுரோட்டுல படுத்துக்கிச்சுன்னா நல்லாவா இருக்கும்? மொதல்ல அத மாத்துங்க" என்று உன் அம்மா போட்ட போடில்தான், போன சனிக்கிழமை காலையில் நாம் கிளம்பினோம்.

கடைகடையாக நான் உன்னை அலைய வைத்தேன் என்று உனக்கு எரிச்சல். பைபாஸில் ஒரு கடை, திருப்பரங்குன்றம் போகிற வழியில் இன்னொரு கடை. ஆன்லைனில் ஒரு தட்டு தட்டினால் வீட்டுக்கே வரும் என்று நீ முனகிக்கொண்டே வந்தாய். நான் அலைந்ததற்குக் காரணம் இருக்கிறது, இனி உனக்கும் குடும்பம் ஆகப்போவதால் சொல்லி வைக்கிறேன். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு அதைச் செய்தது எந்த வாரம், கடைசி இரண்டு எந்த வருஷம் என்பதைச் சொல்லும். பளபளவென்று இருந்தாலும் கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்த சரக்கு என்றால் வாங்காதே. ரப்பர் சும்மா கிடந்தாலும் கெட்டுப்போகும். விலை சொல்லும்போது மாட்டும் கூலி, பேலன்சிங், அலைன்மென்ட், வால்வு எல்லாம் சேர்த்தா, தனியா என்று கேள். கடைசியில் தனித்தனியாக ஏற்றினால் பேரம் பேசிய மிச்சம் அதிலேயே போய்விடும். பழைய டயருக்கு என்ன எடுப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடு. இதெல்லாம் எனக்குக் கஞ்சத்தனம் அல்ல தம்பி. ஒரு பொருளுக்கு எது நியாயமான விலையோ அதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்து வெளியே வர வேண்டும், அதில் எனக்கு ஒரு திருப்தி.

மூன்றாவதாகத்தான் திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரத்துப் பெரிய கடைக்கு வந்தோம். நம் சொந்த ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் வண்டியை நிறுத்தி இறங்கியதும் நேராக அடுக்கி வைத்திருந்த டயர்களிடம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்த நாலு இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் சாவி. பழைய டயரைத் தடவிப் பார்த்ததில் சட்டையெல்லாம் கறுப்பு. நீ கடைக்காரரிடம் போய் நின்றாய். அவர் கால்குலேட்டரைத் தட்டி ஒரு விலை சொன்னார். நீ கொஞ்சம் குறைக்கச் சொன்னாய். அவர் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"மதுரைதாண்ணே."

"சொந்த ஊரே மதுரையா?"

நீ நம் ஊர்ப் பெயரைச் சொன்னாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது, பிள்ளை ஊரை மறக்கவில்லை என்று.

"அட, பக்கத்துலதான. ஊருக்குள்ள எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எதற்கு என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். நாம் காலனிக்காரர்கள். என் அப்பா அந்த ஊரில் ஒரு குழி நிலம்கூட இல்லாமல் அடுத்தவர் வயலில் குனிந்து நிமிர்ந்தே என்னைப் படிக்க வைத்தவர். நீ ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "பெரிய கோயிலுக்கு மேற்காலண்ணே" என்றாய். அந்தத் தெருவில் நாம் செருப்புப் போட்டு நடந்ததே என் காலத்தில்தான்.

"அப்ப நம்ம ஆளு" என்று அவர் சிரித்தார். "நம்ம ஆளுக்கு வெளி விலை சொல்ல முடியுமா. டயருக்கு ஐந்நூறு கொறைச்சுப் போட்டுர்றேன். உள்ள வந்து ஏசில உக்காருங்க தம்பி. கூட வந்தவரு?"

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் குத்துக்காலிட்ட இடத்திலிருந்து உன்னைப் பார்த்தேன்.

"நம்ம டிரைவர்ணே."

தம்பி, நான் எழுந்து "நான் அவன் அப்பன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மரம் மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபம்கூட வரவில்லை, காதில் சரியாகத்தான் விழுந்ததா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் என் பக்கம் கையைக் காட்டி, "டிரைவரண்ணே, அந்தா பெஞ்சு இருக்கு பாருங்க, உக்காருங்க, டீ வரும்" என்றார். நான் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் நிஜமான டிரைவர் ஒருவர் இருந்தார், ராஜபாளையத்துக்காரர். "மொதலாளி சின்னப் பையனா இருக்காப்ல, ஒழுங்கா சம்பளம் குடுக்குறாப்லயா?" என்று அக்கறையாகக் கேட்டார். "குடுக்குறாப்ல" என்றேன். வேறு என்ன சொல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என் பெயரில் இருக்கிற வண்டிக்கு உன் பெயரில் பில் போட்டார்கள்.

டயர் மாட்டி முடித்துக் கிளம்பும்போது நீ பின்கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறினாய். கடைக்காரர் வாசல்வரை வந்து நின்றதால் ஏறினாய் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் "நிறுத்துங்கப்பா, முன்னாடி வாரேன்" என்பாய் என்று டோல்கேட் வரை எதிர்பார்த்தேன். திருப்பரங்குன்றத்து மலை தெரிகிற வரை எதிர்பார்த்தேன். நீ பின்னால் இருந்து, "நல்ல விலைக்கு முடிஞ்சிருச்சுல்லப்பா" என்றாய். நான் "ம்" என்றேன். கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒரு வருத்தம், ஒரு கூச்சம், ஏதாவது தெரியுமா என்று தேடினேன். நிஜமாகவே நல்ல விலைக்கு முடித்த பிள்ளையின் முகமாகத்தான் இருந்தது. டிரைவர் என்று சொன்னதைக்கூட ஒருவாறு செரித்துவிடலாம். அந்த முகம்தான் என்னைத் தூங்க விடவில்லை.

உனக்குக் கோச்சடையில் முதல் முதலாக வீடு தேடியது ஞாபகம் இருக்கிறதா? நீ நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தாய். ஒரு வீடு நம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வாசலில் கொய்யா மரம், பின்னால் கிணறு. அட்வான்ஸ் வரை பேசியாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா காபி கொடுத்துக்கொண்டே இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், ஊருக்குள்ளே எந்தப் பக்கம் என்று. நான் சொன்னேன். உள்ளே போய்விட்டு வந்தவர்கள், "எங்க கொழுந்தனார் குடும்பம் வாரேன்னு சொல்லியிருந்தாக, மறந்தே போச்சு, தப்பா நெனைக்காதீக" என்றார்கள். கொடுத்த காபியைக் குடித்து முடிக்காமலேயே எழுந்து வந்தோம். ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு, "அந்த வீடு ஏம்ப்பா வேணாம்? கொய்யாக்கா இம்புட்டு இருந்துச்சே" என்று நீ கேட்டாய். வேறு வீடு பார்ப்போம் என்றேன். அன்று என் மகன் பொய் சொல்லாத ஓர் அப்பனைப் பார்த்தான் என்று இத்தனை வருஷமும் நான் மார்தட்டிக்கொண்டிருந்தேன். நீ பார்த்தது கைவிட்டுப் போன கொய்யா மரத்தை என்பது சனிக்கிழமைதான் எனக்கு உறைத்தது. ஒரே வாசலிலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் இரண்டு வேறு பாடத்தைப் படித்திருக்கிறோம். நான் உன்னிடம் அதைப் பற்றிப் பிறகு ஒரு நாளாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

நீ சென்னைக்குப் போன மறுநாள் நான் தனியாகத் திருமங்கலம் கடைக்குப் போனேன். உன் அம்மாவிடம் டயரில் காற்றுப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனதுக்குள் கூட்டிச் சேர்த்துக்கொண்டு போனேன். நமக்கு உரிமையில்லாத விலையில் வாங்கிய பொருள் நம் வண்டியில் ஓடக்கூடாது, மிச்சப் பணத்தை அவர் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு வர வேண்டும், அப்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு வீம்பு. நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"வாங்கண்ணே. தம்பி அனுப்பிச்சாரா? வீல்ல எதும் சத்தம் வருதா?" என்றார் கடைக்காரர்.

"சத்தமெல்லாம் இல்ல. அந்தத் தம்பி எம் மகன். நான் டிரைவர் இல்ல, வண்டி எம் பேர்ல இருக்கு. எங்க வீடு கோயிலுக்கு மேற்கால இல்ல, காலனியில. அன்னைக்கி நம்ம ஆளுன்னு ஒரு விலை போட்டீக. அத எனக்கு உள்ள விலையா மாத்திப் போடுங்க, மிச்சத்தக் குடுத்துட்டுப் போறேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எதிர்பார்த்த முகம் அது இல்லை. விடை தெரியாத கேள்வி கேட்கப்பட்ட பிள்ளை மாதிரி விழித்தார். அவர் பதில் சொல்வதற்குள் இன்னொரு கார் வந்து நின்றது. வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இறங்கி டயர் விலை கேட்டார். இவர் கால்குலேட்டரைத் தட்டினார். பெரியவர் குறைக்கச் சொன்னார். இவர் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பாய்க்கு எந்த ஊரு?"

"மேலூருப்பா."

"மேலூர்ல எந்தப் பக்கம்?"

"பள்ளிவாசத் தெரு."

"அட, நம்ம பக்கமுல்ல. எங்க பெரிய மச்சான் அங்கதான் கடை வச்சிருக்காப்ல. நம்ம ஆளுக்கு வெளி விலை சொல்ல முடியுமா. டயருக்கு ஐந்நூறு கொறைச்சுப் போட்டுர்றேன். உள்ள வந்து ஏசில உக்காருங்க பாய்."

அதே சொல், அதே சிரிப்பு, அதே ஐந்நூறு. பெரியவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு அவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சார், தப்பா எடுத்துக்கிறாதீக. விலை எல்லாத்துக்கும் அதான். ஐந்நூறு ஏத்திச் சொல்லி ஐந்நூறு கொறைக்கிறோம். ஊரக் கேட்டு நம்ம பக்கம்னு ஒரு வார்த்தை சொன்னா, அதுக்கு மேல யாரும் பேரம் பேச மாட்டாக. அம்புட்டுத்தேன் சார்."

"காலனின்னு சொல்லியிருந்தா?"

அவர் கொஞ்சம் ரோட்டைப் பார்த்தார். "உங்க காலனிப் பையன் ஒருத்தன் இங்கன வேலை பாத்தான் சார். அவன் பேரச் சொல்லி, நம்ம பக்கம்னுதான் சொல்லியிருப்பேன். யாவாரம் சார்."

அவர் சொன்னது உண்மை என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். உள்ளே நுழைந்தபோது நான் அவருக்கு அண்ணன். தெருவைச் சொன்ன பிறகு பேச்சுக்குப் பேச்சு சார். விலை மாறவில்லை, அண்ணன் மட்டும் போய்விட்டான். அதனால் உன் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். அது வெளியே இருக்கத்தான் இருக்கிறது, உனக்கு முன்னாலிருந்தே எனக்கு அதைத் தெரியும். ஆனால் அந்தக் கடையில், அந்த டயருக்கு, நீ என்னைக் கொண்டுபோய் டிரைவர் பெஞ்சில் உட்காரவைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கடைக்கு வருகிற எவனுக்கும் கிடைக்கிற விலைதான் உனக்கும் கிடைத்தது. திரும்பி வரும்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு இருந்தேன். அழவில்லை என்று சொன்னால் பொய்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். தலையைத் தூக்காமலே, "திருச்சிக்காரங்க கேட்டா தெருவச் சொல்ல வேணாம்னு எங்கிட்டயும் சொல்லிட்டுத்தேன் போயிருக்கான். உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு எங்கிட்டச் சொன்னான்" என்றாள்.

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அதுக்கு மொதல்லயே தெரியுமாம். அதோட அப்பாவுக்குத்தேன் தெரியாதாம். கல்யாணம் முடிஞ்சப்பறம் பாத்துக்கிடலாம்னு ரெண்டும் பேசி வச்சிருக்குக. நான் என்ன செய்ய, புள்ள கெஞ்சுறான்."

டயர் கடையில் விழுந்த அடியே இன்னும் வலித்துக்கொண்டிருக்கும்போது இது வேறு. அப்படியென்றால் கடையில் நீ சொன்னது ஏதோ அந்த நேரத்தில் வாய் தவறி வந்தது இல்லை. திருச்சியில் சொல்ல வேண்டியதற்கு அங்கே ஒத்திகை பார்த்திருக்கிறாய். திருச்சியில் என்னை யாரென்று சொல்வதாக இருந்தாய்? அப்பா என்றுதான் சொல்வாய், தெரியும். ஆனால் நான் பிறக்காத ஒரு தெருவில் பிறந்த, நான் அல்லாத ஓர் அப்பா. அந்த ஆளாக நான் அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பலகாரம் தின்ன வேண்டும். டிரைவர் பெஞ்சே தேவலை தம்பி. அங்கே டீயாவது தொண்டையில் இறங்கியது.

உன்னை வெறுக்க முடியவில்லை. முயன்று பார்த்தேன், இரண்டு நாளைக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணை நீ எவ்வளவு ஆசைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். அவள் பெயரைச் சொல்லும்போது நீ சின்னப் பையன் மாதிரி ஆகிவிடுகிறாய். அவள் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் இப்படியெல்லாம் செய்கிறாய். ஆனால் ஐந்நூறு ரூபாய்க்கு ஒருமுறை, கல்யாணத்துக்கு ஒருமுறை, நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போது ஒருமுறை என்று நீ தெரு மாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் நானும் உன் அம்மாவும் எங்காவது வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு வயதாகிறது. உட்கார்ந்து பழகிவிடுவோம். நீயும் எங்களை அங்கே பார்த்துப் பழகிவிடுவாய், அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

அதனால் வருகிற சனிக்கிழமை நீ இங்கே வந்து சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் பண்ணு. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பண்ணினாலும் சரி. எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்லிவிடு. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. வாருங்கள் என்று சொல்லலாம். கொழுந்தனார் குடும்பம் வருகிறது என்று அவரும் ஏதாவது சொல்லலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நானும் உன் அம்மாவும் உன்னோடு இருப்போம், அந்தப் பெண் எந்த நேரத்தில் இந்த வீட்டு வாசலுக்கு வந்தாலும் கதவு திறந்திருக்கும். நீ சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக் கூடத்தில் அந்தக் கேள்வி எப்படியும் வரும். அது வராத வீட்டை நான் இதுவரை பார்க்கவில்லை. வந்தால், கொய்யா மரம் போனாலும் சரி என்று, நான் உள்ளதைத்தான் சொல்வேன். இது மிரட்டல் இல்லை. எனக்கு வேறு பதில் சொல்லத் தெரியாது.

திருச்சிக்கு நான் வண்டி ஓட்டப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு டிரைவருக்குச் சொல்லியிருக்கிறேன், விடியும் முன்பே வந்துவிடுவதாகச் சொன்னார். உன் அம்மா முன்னால் உட்காரட்டும், அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும். நான் பின் சீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். அங்கே இறங்கியதும் அவர்கள் என்னைப் பார்ப்பார்கள், இவர் யார் என்பதுபோல உன்னைப் பார்ப்பார்கள். அதற்கு மட்டும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ சொல்.

அப்பா